அம்மாவுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 64 வயது. பல வருடங்கள் துணித் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்தவர். வார இறுதிகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தவர். ஒன்றரை வருடத்துக்கு முன் திடீரென்று சர்க்கரை நோய் வந்தது. கூடவே உடம்பும் இளைத்தது. 'எடை குறைந்தது நல்லதுதான்' என்று எல்லோரும் சொன்னார்கள். அப்புறம் முதுகு வலி. போன மாதம் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பு. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி தெரிந்தது. அது பக்கத்திலுள்ள ரத்தக்குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அடைத்துக்கொண்ட பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்து மஞ்சள் காமாலையைக் குறைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து கொஞ்சம் திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை. முதலில் கீமோ, கட்டி சுருங்கினால் அறுவை சிகிச்சை என்பது மருத்துவர்களின் திட்டம்.

இதற்கிடையில் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் ஒருவர் படிவங்கள் கொடுத்திருக்கிறார். பயாப்சியின்போது கூடுதலாகக் கொஞ்சம் திசுவும், அவ்வப்போது ரத்தமும் எடுத்துச் சேமிப்பார்கள். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆய்வுக்காக அந்த மாதிரிகளும் மருத்துவ விவரங்களும் வெளிநாட்டுக்கும் போகலாம். அம்மாவிடம் இதுவரை 'பித்தப் பையில் அடைப்பு' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். ஜோஹன்னஸ்பர்க்கிலிருக்கும் அண்ணன், "அம்மாவைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள், ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும், ரத்தத்தை விற்றுவிடுவார்கள்" என்கிறார். மகள் கேட்பது: அம்மாவுக்குத் தெரியாமல் நானே கையெழுத்துப் போடலாமா? இந்த ஆராய்ச்சியால் அம்மாவுக்கு ஏதாவது நன்மை உண்டா? நாங்கள் பிள்ளைகளும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். போட முடியாது. அம்மா சுயநினைவோடு இருக்கிறார், யோசிக்கிறார், பேசுகிறார். அப்படியிருக்கும்போது ஆராய்ச்சிக்கு அவர் பெயரில் வேறு யாரும் ஒப்புதல் தர முடியாது. 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது: ஆராய்ச்சியின் நோக்கத்தையும், அதனால் உடலுக்கு வரக்கூடிய நன்மை தீமைகளையும் தெரிந்துகொண்ட பிறகு, அந்த நபரே எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். அறிந்து சம்மதிக்காத எவர் மீதும் மருத்துவப் பரிசோதனை நடத்தக் கூடாது என்பது இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 12-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. நீங்கள் போடும் கையெழுத்து செல்லாது. அதை வாங்கிக்கொள்ளும் ஆராய்ச்சிக் குழு நல்ல குழுவும் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, படிவத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று எனக்குப் பட்டது. ஆராய்ச்சி வேண்டாம் என்று நாளைக்கே முடிவு செய்தாலும், அம்மாவிடம் மறைத்து வைப்பது நடக்காது. கீமோ கொடுக்கும் வார்டுக்குப் போய் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பார், "உங்களுக்கு எந்த இடத்தில் கேன்சர்?" என்று. பிள்ளைகளிடமிருந்து தெரியாமல் அவரிடமிருந்து தெரிந்தால் அம்மா எவ்வளவு உடைந்துபோவார் என்று யோசித்துப் பாருங்கள். கண் மஞ்சளாகி, எடை குறைந்து, குழாய் வைத்து, பிள்ளைகள் மூலையில் கிசுகிசுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு ஒன்றுமே தெரியாது என்று நம்புகிறீர்களா? இப்படி மறைக்கப்பட்ட நோயாளிகள் பலரை நான் பார்த்திருக்கிறேன். பாதிப் பேருக்கு மேல் ஏற்கெனவே ஊகித்திருப்பார்கள். பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவர்களும் நடிப்பார்கள்.

எப்படிச் சொல்வது

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் குடும்பங்களில் இது அன்பினால் நடப்பது. ஆனால் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு, நோயாளியின் உடல்நிலையை நோயாளியிடமே, அவருக்குப் புரியும் மொழியில் சொல்லும் கடமையை மருத்துவர்கள் மேல் வைக்கிறது. சொல்வது அவருடைய நலனுக்கே எதிராகும் என்பதற்கு வலுவான ஆதாரம் இருந்தால்தான் விலக்கு. 'அழுவார்' என்பது அந்த ஆதாரம் ஆகாது.

நீங்களே தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பயாப்சிக்கு முன்பு மருத்துவரிடம் ஒரு சந்திப்பு கேளுங்கள், அம்மாவோடு போங்கள். முதலில் மருத்துவர் கேட்கட்டும்: "உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று நினைக்கிறீர்கள்? எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" அதற்கு அம்மா சொல்லும் பதிலிலிருந்து மேலே போகலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். 'கட்டி இருக்கிறது, புற்றுநோயாக இருக்கலாம், உறுதிசெய்யத்தான் இந்தப் பரிசோதனை, சிகிச்சைக்கு ஒரு திட்டம் இருக்கிறது' என்பதே முதல் நாளுக்குப் போதும். எத்தனை மாதம், எத்தனை வருடம் என்ற கணக்கை அவர் கேட்டால் மட்டும் பேசலாம்.

"எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், பெண் பார்த்துக்கொள்வாள்" என்று அம்மாவே சொல்லிவிட்டால்? அதுவும் அவருடைய உரிமைதான். தன்னால் சம்மதம் தர முடியாத நிலை வந்தால் சிகிச்சை முடிவுகளை எடுக்க உங்களை அவர் எழுத்து மூலம் நியமிக்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் ஆராய்ச்சிப் படிவத்தை அந்த நிலையில் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தெரிந்துகொள்ள விரும்பாதவரை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது.

ஊசி குத்தினால் பரவுமா?

அண்ணனின் இந்தப் பயத்தை நான் மாதம் தவறாமல் கேட்கிறேன். கணைய பயாப்சியை இப்போது பெரும்பாலும் வயிற்றுத் தோல் வழியாகச் செய்வதில்லை. வாய் வழியாக எண்டோஸ்கோப்பியை இறக்கி, அதன் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்டில் கட்டியைப் பார்த்துக்கொண்டே, சிறுகுடல் சுவர் வழியாக மெல்லிய ஊசியால் எடுக்கிறார்கள். இதனால் புற்றுநோய் பரவுவது மிக மிக அரிது. தலைப்பகுதிக் கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தால், ஊசி போன பாதையும் கட்டியோடு சேர்த்தே வெட்டி எடுக்கப்பட்டுவிடும். பயாப்சியில் உண்மையான ஆபத்துகள் வேறு: சிறு ரத்தக் கசிவு, கணைய அழற்சி, மயக்க மருந்தின் பக்கவிளைவு. இவையும் குறைவுதான்.

முக்கியமாக, இந்த பயாப்சி ஆராய்ச்சிக்காகச் செய்யப்படுவது இல்லை. கீமோ தொடங்குவதற்கு முன் இது புற்றுநோய்தான், இன்ன வகைதான் என்று திசுவில் உறுதிசெய்தே ஆக வேண்டும். கணையத்தில் வேறு வகைக் கட்டிகளும் வரும், அழற்சியே கட்டி போலத் தோன்றுவதும் உண்டு. அவற்றுக்கெல்லாம் மருந்து வேறு. ஆகவே ஆராய்ச்சிக்கு 'இல்லை' என்றாலும் பயாப்சிக்கு 'இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள்.

ஆராய்ச்சிக்காகக் கேட்பது கூடுதலாக ஓரிரு முறை ஊசி செலுத்தி எடுக்கும் திசுவா, அல்லது நோயறியும் வேலை முடிந்து மிஞ்சும் திசுவா என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நோயறிவதற்குத் தேவையான திசு போகத்தான் ஆராய்ச்சிக்கு என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சோதனை எலியா?

அண்ணன் குழப்பிக்கொள்வது இங்கேதான். ஆராய்ச்சி என்றால் எல்லாமே புது மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது இல்லை. உங்களிடம் கொடுத்திருக்கும் படிவம், நீங்கள் விவரித்தபடி, மாதிரிகளையும் தகவல்களையும் சேகரிக்கும் ஆய்வு. அம்மாவுக்குக் கொடுக்கும் கீமோ இதனால் மாறாது, தள்ளியும் போகாது. மருந்துப் பரிசோதனை என்பது வேறு. அதற்குத் தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் அனுமதி வேண்டும், தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும், தனிப் படிவமும் உண்டு. அங்கும் பலனுள்ள சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் நோயில், ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்துச் சும்மா விட்டுவிட மாட்டார்கள். வழக்கமான சிகிச்சை ஒரு பக்கம், அதோடு புது மருந்து சேர்ந்தது மறுபக்கம் என்பதுதான் பெரும்பாலும் நடக்கும்.

ஆனாலும் அண்ணனின் சந்தேகத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்க மாட்டேன். இந்த மண்ணில் ஆராய்ச்சி என்ற பெயரில் மக்களை மதிக்காமல் நடந்துகொண்ட வரலாறு இருக்கிறது. சான் பழங்குடி மக்கள் பட்டது போதும் என்று 2017-இல் தங்களிடம் ஆராய்ச்சி செய்ய வருபவர்களுக்காகத் தாங்களே ஒரு நெறிமுறையை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை என்று அவர்கள் கேட்டதையே உங்கள் அம்மாவும் கேட்கலாம்.

'ரத்தத்தை விற்றுவிடுவார்கள்' என்பதற்கு: உடல் திசுவைத் தானம் செய்பவர் அதற்குப் பணம் வாங்குவதும், திசுவை வணிகம் செய்வதும் இங்கே குற்றம். நியாயமான செலவை ஈடுசெய்வது மட்டும் உண்டு. மாதிரிகள் நாட்டை விட்டு வெளியே போவதற்கு 2018-இல் அரசிதழில் வெளியான ஒப்பந்த மாதிரி ஒன்று இருக்கிறது. அனுப்புபவர், பெறுபவர், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிக் குழு ஆகிய எல்லோருடைய பொறுப்பும் அதில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. உடல்நலத் தகவல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சிறப்புப் பாதுகாப்புப் பெற்றது. மாதிரியில் பெயர் இருக்காது, குறியீட்டு எண்தான் இருக்கும். ஆனால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆய்விலிருந்து ஒரு நிறுவனம் பிற்காலத்தில் மருந்தோ பரிசோதனையோ தயாரித்து லாபம் பார்த்தால், அம்மாவுக்கு அதில் பங்கு வராது. படிவத்தில் எங்கோ ஒரு வரியில் அது இருக்கும். தேடிப் படியுங்கள்.

அம்மாவுக்கு என்ன நன்மை?

நேரடியாக, இந்த மாதங்களில், அநேகமாக எதுவும் இல்லை. இதை மழுப்பினால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். ஆராய்ச்சியில் சேர்ந்தால் நல்ல மருத்துவர் பார்ப்பார், சீக்கிரம் படுக்கை கிடைக்கும் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சேராவிட்டால் கவனிப்பு குறையும் என்ற பயத்தையும் சேர்த்து விட்டுவிடுங்கள். இரண்டும் நடக்கக் கூடாதவை.

அப்படியானால் எதற்குச் சேர வேண்டும்? இந்த நோயின் தன்மை அப்படி. கண்டுபிடிக்கும்போது அறுவை சிகிச்சைக்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் 100-க்கு 15 முதல் 20 பேர்தான். அதனால் ஆராய்வதற்குத் திசு கிடைப்பதே அரிது. ஒரு மருத்துவமனை தனியாக எத்தனை வருடம் சேகரித்தாலும் பதில் கிடைக்கும் அளவுக்குச் சேராது. பல ஊர்கள், பல நாடுகள் கைகோத்தபோதுதான் இந்தத் துறையில் நகர்வே ஏற்பட்டது. பிரான்ஸும் கனடாவும் சேர்ந்து 77 மையங்களில் 493 பேரிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அறுவை சிகிச்சை முடிந்து உடல் தேறியவர்களுக்கு, ஃபால்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்தின் சற்று மாற்றிய வடிவத்தைக் கொடுத்தார்கள். பழைய மருந்தில் நடுநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், 35 மாதமாக இருந்தது, புதியதில் 54 மாதமானது. உங்கள் அம்மாவுக்குக் கீமோ தருவதாகச் சொல்கிறார்களே, எந்த மருந்து என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கூட்டாக இருந்தால், முன்பின் தெரியாத அந்த 493 பேரும் அதற்கு முன் நடந்த ஆய்வில் சேர்ந்த 342 பேரும் கையெழுத்துப் போட்டதால்தான் அது இன்று அவரிடம் வருகிறது.

இன்னொன்று, உங்கள் வீட்டுக் கதையையே தொடுவது. 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வருபவர்களில் ஏறத்தாழ 100-க்கு ஒருவருக்கு மூன்று வருடத்துக்குள் கணையப் புற்றுநோய் தெரியவருகிறது. உடல் இளைத்துக்கொண்டே வரும் சர்க்கரை என்றால் சந்தேகம் கூடும், ஏனென்றால் வழக்கமான சர்க்கரை நோய் எடை ஏறுபவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். ஆனால் மீதி 99 பேரை வீணாக ஸ்கேனுக்கும் பயத்துக்கும் ஆளாக்காமல் அந்த ஒருவரை எப்படிப் பிரித்தெடுப்பது? இதைக் கண்டுபிடிக்கத்தான் அமெரிக்காவில் 10,000 பேரை இலக்காக வைத்து ஒரு கூட்டாய்வு தொடங்கப்பட்டது. ஒன்றரை வருடத்துக்கு முன் உங்கள் அம்மாவைப் பார்த்த கிளினிக்கில் யாரும் இதை நினைக்கவில்லை என்று உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். நினைத்திருந்தாலும் உறுதியாகச் சொல்ல அன்றைக்கு எளிய பரிசோதனை எதுவும் கையில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அப்புறம், உலகில் சேமிக்கப்பட்டிருக்கும் மரபணுத் தகவலில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. டர்பனில் சர்க்கரை இல்லாத தமிழ் வீடு எத்தனை? நம் உடம்பில் இந்த இரண்டு நோய்களும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கான விடை, நம் ஆட்களின் மாதிரிகள் இல்லாமல் கிடைக்கப்போவதில்லை. இது என் சொந்தக் கருத்து. அதற்காக அம்மாவை வற்புறுத்தாதீர்கள்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

அம்மாவே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஆய்வுக்கு ஒப்புதல் தந்த நெறிக் குழு எது, அது தேசிய சுகாதார ஆராய்ச்சி நெறி மன்றத்தில் பதிவானதா? மாதிரிகள் இந்த ஆய்வுக்கு மட்டுமா, இனி வரப்போகும் எந்த ஆய்வுக்கும் சேர்த்தா? மரபணுவில் குடும்பத்துக்கு முக்கியமான ஏதாவது தெரிந்தால் எங்களிடம் சொல்வீர்களா? கூடுதல் பரிசோதனைக்கான செலவு யாருடையது? ஆராய்ச்சிக்கான செலவை மெடிக்கல் எய்ட் என்ற உங்கள் மருத்துவக் காப்பீட்டிலோ கையிலோ வாங்கக் கூடாது.

நடுவில் மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. சேமித்த திசுவை அழிக்கச் சொல்லலாம். ஏற்கெனவே ஆய்வில் கலந்துவிட்ட தகவலைத் திரும்ப எடுப்பது மட்டும் பெரும்பாலும் முடியாது. படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படிக்க உரிமை உண்டு. இப்போதே போடுங்கள் என்று யாராவது அவசரப்படுத்தினால், அதுவே மறுக்கப் போதுமான காரணம்.

ஆராய்ச்சியை விட அவசரமானவை

படிவ விவாதத்தில் இவற்றை மறந்துவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தாலோ, மஞ்சள் திரும்பினாலோ, காலைவரை காத்திருக்காமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு கிருமி ரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகும்.

சாப்பிட்டதும் வயிறு உப்பி, மலம் எண்ணெயாக மிதந்து, எடை குறைந்துகொண்டே போகிறதா? செரிமான நொதி கேப்ஸ்யூல் தருகிறார்களா என்று கேளுங்கள். பலருக்கு இது எழுதித் தரப்படாமலே விடுபடுகிறது. முதல் கவளத்தோடும், சாப்பாட்டின் நடுவிலும் விழுங்க வேண்டும். இந்த மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. அம்மா புரட்டாசியில் மீன்கூடத் தொடாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். இதே அளவுக்கு நம்பத்தக்க சைவ மாற்று கையில் இல்லை. மருந்தாக நினைத்து எடுப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். சொல்லாமல் கொடுத்துவிட்டுப் பின்னால் தெரிந்தால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

மெடிக்கல் எய்ட் இருக்கிறது என்கிறீர்கள். பரவாத, சிகிச்சை தரக்கூடிய உறுப்புப் புற்றுநோய் சட்டப்படி கட்டாயமாகச் செலுத்த வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் வரும். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள், மருத்துவரை ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்குப் பரிசோதனை

நீங்கள் மூவரும் லேபுக்குப் போய் சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனை (கணையப் புற்றுநோயில் ஏறும் ஒரு பொருளை அளப்பது) செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பித்தம் அடைத்தாலே அது ஏறும், அழற்சியிலும் ஏறும். 100-க்கு 5 முதல் 10 பேருக்கு உடம்பில் அந்தப் பொருளே உருவாகாது, புற்றுநோய் இருந்தாலும் பரிசோதனை சுத்தமாக வரும். நோய் இருப்பவருக்கு சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அது உதவும்.

முதலில் செய்ய வேண்டியது அம்மாவுக்கு மரபணுப் பரிசோதனை. குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும், கணையப் புற்றுநோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் இது பரிந்துரைக்கப்படுகிறது. ஏறத்தாழ 100-க்கு 5 முதல் 10 பேரிடம் பரம்பரையாக வரும் மாற்றம் கிடைக்கிறது. மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் பிராக்கா மரபணுவில் மாற்றம் இருந்தால், அம்மாவின் மருந்துத் தேர்வே மாறலாம். பிளாட்டினம் வகைக் கீமோ அவர்களுக்கு நன்றாக வேலை செய்யும், அதன்பின் ஒலாபரிப் என்ற மாத்திரை நோய் மறுபடி வளர்வதைத் தள்ளிப்போடுவதை 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படி ஒரு மாற்றம் அம்மாவிடம் தெரிந்தால், அதே ஒரு மாற்றத்தை மட்டும் உங்கள் மூவரிடமும் தேடினால் போதும். ஆராய்ச்சிக்காக எடுக்கும் ரத்தத்தில் இந்த முடிவு வரும் என்று காத்திருக்க வேண்டாம். இதைத் தனியாகக் கேட்டுச் செய்யுங்கள்.

மாற்றம் எதுவும் இல்லை, குடும்பத்தில் அம்மா ஒருவருக்குத்தான் என்றால் உங்களுக்கு வருடா வருடம் ஸ்கேன் தேவையில்லை. அண்ணன் புகைபிடிப்பவர் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். புகைபிடிப்பவர்களுக்கு இந்த நோயின் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. அடுத்த தடவை அவர் போனில் ஊசியைப் பற்றிப் பேசும்போது, இதையும் அவரிடம் சொல்லுங்கள்.